நாற்காலி போடாத பேச்சுவார்த்தை

என் அத்தை ஒரு பேரூராட்சியில் இருபத்தாறு வருடம் தெருக் கூட்டினார். ஊர்ப் பெயர் வேண்டாம். முதலில் தினக்கூலி, பிறகு சுய உதவிக்குழு மூலம், கடைசியில் ஒப்பந்தக்காரரிடம். துடைப்பமும் தெருவும் அதேதான். முதலாளி மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு முறை மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. பதினோரு பேர் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனார்கள். "எல்லாரும் எதுக்கு வந்தீங்க? ஒருத்தி மட்டும் உள்ளே வா" என்றார் அங்கிருந்தவர். அத்தை உள்ளே போனார். அறையில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பத்து நிமிடம் நின்றபடி பேசினார். "பார்க்கலாம், போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போனீர்களே, என்ன ஆயிற்று என்று அன்று சாயங்காலம் கேட்டேன். அத்தை சிரித்தார். "அவுக உக்காந்துக்கிட்டு, நாம நின்னுக்கிட்டுப் பேசுனா அதுக்குப் பேரு பேச்சுவார்த்தையா மக்கா? அது கெஞ்சுறதுலா."

அத்தை சொன்னதற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கூட்டுப்பேரம் பேச மறுப்பது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982-ல் கொண்டுவந்த திருத்தம் இதை 'நியாயமற்ற தொழில் நடவடிக்கை' என்ற பட்டியலில் வைத்தது. 1984 ஆகஸ்ட் 21 முதல் அது அமலுக்கு வந்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொன்னது.

பேரம் என்றதும் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசுவது நினைவுக்கு வரும். தப்பில்லை, அதுவும் இதுவும் ஒரே குடும்பம்தான். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் அது பேரம். கூலிக்காரர் தனியாகப் போனால் அந்த உரிமை அவருக்கு இல்லை. மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால்தான் 'கூட்டாக' என்ற சொல். 'நல்லெண்ணத்தோடு' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். கேட்டதையெல்லாம் முதலாளி கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள் அல்ல. சந்திக்க வேண்டும். கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஆளை அனுப்ப வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் வேலை நிபந்தனையை மாற்றக்கூடாது. முன்னால் நின்று கேட்டவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது. அவ்வளவுதான். அந்த அவ்வளவும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

கோரல் மில்லில் ஒன்பது நாள்

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வ.உ.சி.யைக் கப்பலோடு சேர்த்துப் படிக்கிறார்கள். கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாலையும் இருக்கிறது. ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவை கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. வ.உ.சி. தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிர்வாகத்தைச் சந்தித்தார். கோரிக்கைகளை நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அந்த நாளில் தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்று இந்தியாவில் இல்லை. பேச வேண்டிய கடமை எந்த முதலாளிக்கும் இல்லை. ஊர் திரண்டு நின்றதால் பேசினார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டம் இல்லாமல் கிடைத்த வெற்றியைத் தலைவரைச் சிறையில் போட்டுப் பறித்துவிடலாம் என்பதைத் தூத்துக்குடி முதலிலேயே பார்த்துவிட்டது.

சென்னையில் ஒரு வழக்கு, புளியந்தோப்பில் ஒரு தீ

பத்து வருடம் கழித்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா. திரு.வி.க.வும் சங்கத்தின் முன்வரிசையில் இருந்தார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம்தான் விட்டார்கள்; அதை நாற்பது நிமிடமாக்கக் கேட்டது அதன் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு சங்கமா என்று நினைக்கத் தோன்றும். சுடுசோற்றை விழுங்கிவிட்டு ஓடியவர்களுக்குத்தான் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

1920-ல் தகராறு முற்றி ஆலை கதவடைப்பு செய்தது. நிறுவனம் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு. இடைக்காலத் தடையும் கிடைத்தது. இங்கிலாந்துச் சட்டத்தை வைத்துப் பார்த்தால், சங்கம் அமைத்து வேலையை நிறுத்தச் சொல்வதே ஒரு சதி ஆகிவிடும். வாடியா சங்கத்தை விட்டு விலகுவதோடு அந்த விவகாரம் முடிந்தது. ஆனால் அந்த வழக்கு நாட்டை உலுக்கியது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921-ல் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன் 17, 18-வது பிரிவுகள் பின்னி வழக்குக்கு எழுதிய பதில் மாதிரியே இருக்கும். பதிவு பெற்ற சங்கத்தார் மீது சதி வழக்குப் போட முடியாது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று நஷ்டஈடும் கேட்க முடியாது. இன்று நாட்டில் எந்தச் சங்கம் கொடி ஏற்றினாலும் அதில் சென்னைத் தொழிலாளர்களின் பங்கு இருக்கிறது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இந்தப் பகுதியில் நிறுத்த முடியாது. 1921-ல் அதே ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். எம்.சி.ராஜா போன்ற தலைவர்கள் அவர்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு அது வசதியாகப் போயிற்று. கோபம் நிர்வாகத்தின் மீது திரும்பவில்லை. புளியந்தோப்புச் சேரியின் மீது திரும்பியது. குடிசைகள் எரிந்தன. கலவரமும் துப்பாக்கிச் சூடுமாக மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் செய்தது சரியா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நான் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன். வேலையை நிறுத்துவது என்று முடிவெடுத்த கூட்டத்தில் அவர்களுக்கு எத்தனை பேச்சு இருந்தது? சேமிப்பும் இல்லாமல், ஊரில் கடனும் கிடைக்காமல் இருந்தவர்கள் ஆறு மாதம் எதைச் சாப்பிட்டிருப்பார்கள்? நேர்மையாகப் பேரம் பேசும் கடமை முதலாளிக்கு மட்டும் உள்ளதல்ல. சங்கத்துக்குள் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குப் பட்ட கடமையும் அதில் இருக்கிறது. பம்பாயில் 1928 ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் கேட்டதும் இதைத்தான். அங்கே நெசவுப் பிரிவில் சம்பளம் அதிகம், ஆனால் தீண்டப்படாதவர்களை அதில் சேர்க்கமாட்டார்கள். நூலை வாயில் வைத்து உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும். எச்சில் தீட்டு என்றார்கள் சக தொழிலாளர்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள் என்று சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் சொன்னார்.

அம்பேத்கர் எழுதிய கடமை

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்திய தொழிலாளர் அமைச்சர். அடுத்த மாதமே அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பும் கூடிய மாநாடு டெல்லியில் நடந்தது, தலைமை அவர்தான். பள்ளியில் கோணிச் சாக்கில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பையன், நாட்டின் ஆலை முதலாளிகளையும் தொழிலாளர் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்.

1943 நவம்பர் 13 அன்று மத்திய சட்டசபையில் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1926 சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சங்கத்தைப் பதிவு செய்யலாம், ஆனால் அந்தச் சங்கத்தோடு பேசு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த வழி இல்லை. மசோதாவில் மூன்று விஷயங்கள் இருந்தன. சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். அங்கீகாரம் பெறச் சங்கமும் சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றிய சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம்.

அமெரிக்காவில் 1935-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. அங்கே ஒரு சூது இருந்தது. பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் யார் செய்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் கறுப்பின மக்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேலையின் பெயரைச் சொல்லியே ஆளை விலக்கிவிடலாம் என்பது நமக்குத் தெரியாத வித்தையா?

இங்கே மசோதாவுக்கு முதலாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கருத்துக் கேட்பு, திருத்தம் என்று இழுபட்டது. 1946-ல் மாற்றி எழுதிய வடிவம் வந்தது. அந்த ஆண்டு அம்பேத்கர் பதவியிலிருந்து விலக, தொழிலாளர் அமைச்சராக வந்தவர் ஜெகஜீவன் ராம். அவர் காலத்தில், 1947-ல், தொழிற்சங்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர் நீதிமன்றம் சங்கத்தை அங்கீகரிக்க உத்தரவிடலாம், அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு முதலாளி பேச வேண்டும், பேச மறுத்தால் நியாயமற்ற நடவடிக்கை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஒரு தலித் அமைச்சர் எழுதத் தொடங்கி, இன்னொரு தலித் அமைச்சர் காலத்தில் முடிந்த சட்டம்.

அது அமலுக்கு வரவே இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகு, 'இன்ன தேதி முதல் நடைமுறை' என்று அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வெளியாகவில்லை. மாணவர்கள் சட்டப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். 1926 சட்டத்துக்குக் கீழே ஒரு சிறு குறிப்பாகத்தான் அது கிடக்கும். அதற்குப் பதிலாக 1958-ல் 'ஒழுங்கு நெறிமுறை' என்று ஒன்று வந்தது. விருப்பம் இருந்தால் சங்கத்தை அங்கீகரிக்கலாம். விருப்பம் இல்லாவிட்டால்? அதற்கு அதில் பதில் இல்லை.

1961-ல் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. சங்கம் அமைப்பது அரசியலமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை. அந்தச் சங்கத்தின் பேரம் பலிக்க வேண்டும் என்பது அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. கூடலாம், ஆனால் உன்னோடு பேசு என்று கேட்க அரசியலமைப்பைக் காட்ட முடியாது. வேறு சட்டத்தைத்தான் தேட வேண்டும்.

குப்பையிலிருந்து வந்த தீர்ப்பு

அந்த வேறு சட்டம், தொழில் தகராறுகள் சட்டம். அதன் கதையில் நம் ஆட்களுக்கு ஓர் இடம் உண்டு, பலருக்கு இது தெரியாது.

நகராட்சியில் வேலை பார்ப்பவர் 'தொழிலாளி'தானா? நகராட்சி லாபத்துக்கா நடக்கிறது? அப்படியிருக்க அது எப்படி 'தொழில்' ஆகும்? சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜ் என்ற நகராட்சி. அங்கே தலைமை எழுத்தரையும் சுகாதார ஆய்வாளரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். நகராட்சித் தொழிலாளர் சங்கம் அவர்கள் பிரச்சினையைக் கையில் எடுத்தது. 1952 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: நகராட்சியின் துப்புரவுப் பணியும் இந்தச் சட்டப்படி தொழில்தான், அதில் எழும் தகராறு தொழில் தகராறுதான். 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இந்த வட்டத்தை இன்னும் பெரிதாக்கியது. அந்தத் தீர்ப்பின் முக்கியக் குரல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். லாபம் தேவையில்லை; முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து திட்டமிட்டு ஒரு சேவையைச் செய்தாலே போதும் என்றார்கள். 2017-ல் இந்தக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது தனிக்கதை.

அதனால் 'நீங்கள் என்ன ஃபேக்டரியிலா வேலை பார்க்கிறீர்கள், சங்கம் வைக்க?' என்று தூய்மைப் பணியாளரிடம் யாராவது கேட்டால், 1952-லேயே பதில் சொல்லியாகிவிட்டது என்று சொல்லலாம்.

இதே வேலையைச் செய்தவர்கள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1968-ல் வேலையை நிறுத்தினார்கள். பிப்ரவரி முதல் தேதி, மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தார்கள். பதினோரு நாள் கழித்துச் சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்கமாட்டேன் என்றார் மேயர். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி சங்கத்தை அங்கீகரித்து ஒப்பந்தம் போட்டது. கூலி உயர்வு அதில் இருந்தது. ஆனால் அட்டையில் கூலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தை சொன்ன நாற்காலிதான் அந்த அட்டை.

கேட்டதற்காக நீக்கினால்

நம் ஊர்களில் பேச்சுவார்த்தை முறிவது பெரிய வேலைநிறுத்தத்தால் அல்ல. 'நாளையிலேர்ந்து வராத' என்ற இரண்டு சொல்லால். இதற்குத்தான் நீதிமன்றங்கள் கொடுத்த பலமான கருவி இருக்கிறது. தகராறு சமரச அதிகாரி முன்னாலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறில் சேர்ந்த வேலை நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக்கூடாது, அந்தத் தகராறை ஒட்டி ஆளை நீக்கக்கூடாது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-வது பிரிவு இதைச் சொன்னது. வாங்க வேண்டிய ஒப்புதலை வாங்காமல் செய்த நீக்கம் செல்லாது என்று 2002-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

இதில் அண்மைய தீர்ப்பு 2025 ஜனவரி 31 அன்று வந்தது. காசியாபாத் மாநகராட்சியில் தோட்ட வேலை பார்த்தவர்கள் பல வருடம் உழைத்தும் நியமன உத்தரவு இல்லை, குறைந்தபட்சக் கூலி இல்லை. நிரந்தரம் கேட்டுத் தகராறு எழுப்பினார்கள். அது நிலுவையில் இருக்கும்போதே 2005-ல் வாய்மொழியாக நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. பாதிச் சம்பள பாக்கி, நிரந்தரமாக்கும் நடவடிக்கைக்கு ஆறு மாதக் கெடு. உத்தரப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் உண்டு, ஆனால் விதி நம் 33-வது பிரிவின் உடன்பிறப்புதான். அதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 டிசம்பர் 20 அன்று, மத்திய நீர் ஆணைய அலுவலகத்தைப் பல வருடம் கூட்டித் துடைத்த பெண்கள் கொண்டுவந்த ஜக்கோ வழக்கிலும் நீதிமன்றம் இப்படித்தான் பேசியது. நிரந்தர வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பிறகு வெளி ஒப்பந்தத்துக்குத் தள்ளுவதைக் கண்டித்து, அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது.

இருபது வருடம் என்பது ஒரு தொழிலாளியின் பாதி ஆயுள். அந்த வலியைத் தீர்ப்பில் தேடினால் கிடைக்காது.

'அங்கீகரிக்கப்பட்ட' என்ற ஒரு சொல்

அப்படியானால் 1982 திருத்தத்தை வைத்து எல்லா முதலாளியையும் மேசைக்கு இழுக்க முடியாதா? முடியாது. அந்த வரியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'அங்கீகரிக்கப்பட்ட' சங்கத்தோடு பேச மறுத்தால்தான் குற்றம். அங்கீகரிப்பது யார்? முதலாளிதான். தமிழ்நாட்டில் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் இருக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவர் திறந்தால்தான் கதவு. அவர் திறக்காவிட்டால் கதவைத் தட்டினாய் என்று உன் மேல்தான் வழக்கு.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையமும் இதுதான். சங்கத்தைப் பதிவு செய்யவே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கிடைத்தது. உலகத்துக்கே தெரிந்த நிறுவனத்தில், டிப்ளமோ படித்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் துடைப்பம் பிடித்தவர் எங்கே போவார்?

2025 ஆகஸ்டில் அதையும் பார்த்தோம். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். பதினான்காம் நாள் விடியுமுன்னே போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அந்த இரண்டாவது மண்டலத்தின் பெயரைக் கவனியுங்கள். 1921-ல் சங்கத்தை நடத்திய திரு.வி.க.வின் பெயர். அதே மண்டலத்துக்குள்தான் புளியந்தோப்பும் இருக்கிறது.

ஒப்பந்த முறை வந்த பிறகு இன்னொரு சிக்கல். யாரிடம் பேசுவது? ஒப்பந்தக்காரர் 'நகராட்சி பணம் தரவில்லை' என்பார். நகராட்சி 'உங்கள் முதலாளி அவர்தான்' என்னும். ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாக முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிடமாட்டார் என்று 2001-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதிலிருந்து இந்தப் பந்து விளையாட்டு நடக்கிறது.

இந்தப் பந்தை நிறுத்த ஒரு வழியைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. வேடசந்தூர் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலை. வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள், அவர்களில் மிகுதி தலித்துகள். 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஆலையோடு மட்டும் பேசவில்லை. அந்தச் சட்டையை வாங்கி விற்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தையும் மேசைக்கு இழுத்தது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலினத் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் ஆலையில் கண்காணிக்கத் தொழிலாளர்களுக்கே அதிகாரம் தருகிறது அது. ஆலை மீறினால் வாங்கும் நிறுவனம் வியாபாரத்தில் நெருக்கடி தரும். பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்ப் பேசினார்கள். துப்புரவுப் பணியில் அந்தப் பணம் பேரூராட்சியிலிருந்துதான் வருகிறது.

இப்போது சட்டமே மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம்தான் பேசும் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று பேச்சுவார்த்தைக் குழு. அம்பேத்கர் 1943-ல் கேட்ட கட்டாய அங்கீகாரம் 82 வருடம் கழித்து ஒரு வடிவில் வந்திருக்கிறது என்று சொல்லலாம். முதல் முறை மீறினால் சிறைத் தண்டனை என்பது போய்விட்டது. நியாயமற்ற நடவடிக்கைக்கு பத்தாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். நிலுவையில் இருக்கும்போது நிபந்தனையை மாற்றக்கூடாது என்ற விதி தொடர்கிறது. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒப்பந்தக்காரர் அடிக்கடி மாறும் இடத்தில் அந்த 51 சதவீதத்தை எந்த வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணுவார்கள் என்பதுதான் என் கவலை.

நாசரேத்தில் 1878-லேயே தொழிற்பள்ளி வந்துவிட்டது. மர்காஷிஸ் ஐயர் தொடங்கியது. தச்சும் தையலும் கற்றுக்கொடுத்த ஊர். மர்காஷிஸ் கல்லூரியில் படிக்கும் நம் தெருப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவோ சித்தியோ துப்புரவு வேலைக்கோ அறுமுகநேரிப் பக்கம் உப்பளத்துக்கோ போனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோரிக்கையை எழுத்தில் எழுதிக்கொடுங்கள். தேதி போடுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ எல்லோருடையதும் இருக்கட்டும். கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள்; தரமறுத்தால் பதிவுத் தபால். பதில் இல்லாவிட்டால் அதே நகலோடு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தகராறு எழுப்பலாம். சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். முதலாளியும் சங்கமும் தனியாகப் போட்டுக்கொள்வது கையெழுத்திட்டவர்களை மட்டும்தான். கையெழுத்துக்கு முன்னால் எந்த வகை என்று கேட்கச் சொல்லுங்கள்.

அத்தையும் அந்தப் பத்துப் பேரும் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். மனு எழுதியது பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒருவரின் மகள். சமரச அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு மாதம் அந்த வாரமே வந்தது, மூன்றாவது மாதம் தீபாவளிக்கு முந்தின நாள். அத்தை வீட்டுக்கு வந்து சம்பளத்தைப் பற்றி முதலில் பேசவில்லை.

"ஏல, அங்கன நாற்காலி போட்டாங்க" என்றார். "அந்த ஆபீசரு எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. ஒரே உசரம்."